ராணிக் கொண்டை

கொரியா மேடம் எங்கள் கம்பெனிக்கு வந்த அன்று கரண்ட் இல்லை.

கம்பெனி என்று நாங்கள் சொல்லிக்கொள்வதுதான். புத்தூரிலிருந்து நகரி போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒரு காலத்தில் நெல் அரைத்த மில் அது. நெல் போய் முடி வந்தது. திருமலையில் பக்தர்கள் இறக்கிவிட்டுப் போகும் முடி ஏலத்தில் போய், கைமாறி, எங்களிடம் மூட்டையாக வரும். அதைக் கழுவிக் காயவைத்து, ஆணிச் சீப்பில் இழுத்து, வேர் ஒரு பக்கம் நுனி ஒரு பக்கம் என்று அடுக்கி வெளிநாட்டுக்கு அனுப்புவோம். சவுரி, விக் முடைகிற வேலையும் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த வாசனையில் தலை சுற்றும். எனக்கு அது சோற்று வாசனை மாதிரி பழகிவிட்டது.

என் பெயர் சம்பத். மூட்டை இறக்குவது, வேன் ஓட்டுவது, எல்லாரிடமும் வம்பு பேசுவது, மூன்றும் என் பொறுப்பு. முடைகிறவர்களில் முதல் கை என் அக்கா தேவயானி. அவள் புருஷன் போன பிறகு அவளுக்கும் அவள் மகள் பிரியங்காவுக்கும் ஆண் துணை என்றால் நான்தான்.

ஓனர் ஆதிநாராயணன் வேட்டியைச் சரி செய்துகொண்டே வாசலுக்கு ஓடினார். "டேய் சம்பத்து, குர்ச்சி தீஸ்கோனி ரா! நாற்காலிடா, சீக்கிரம்!"

காரிலிருந்து இறங்கிய மேடத்துக்கு ஐம்பது வயது இருக்கும். பெயர் சோயோன். கணவர் சென்னைப் பக்கம் வேலையாக இருந்தபோது பல வருஷம் அங்கே இருந்தவராம். தமிழை உடைத்து உடைத்துப் பேசினார். இப்போது அவர் ஊரில் ஒரு மியூசியத்துக்காகப் பழங்காலத்து ராணிகளின் கொண்டைகளைத் திரும்பச் செய்துகொடுக்கிறாராம். கையிலிருந்த மரப்பெட்டியை டிரைவரிடம்கூடக் கொடுக்காமல் அவரே தூக்கி வந்தார்.

பெட்டிக்குள் பட்டுத் துணி. துணிக்குள் மணிக்கட்டுப் பருமனில் ஒரு பின்னல்.

நான் பார்க்காத முடி இல்லை. எண்ணெய், வியர்வை, சீயக்காய், சந்தனம், பீடி, எல்லா வாசனையும் முடியில் உண்டு. இந்தப் பின்னலில் ஈரக் கல்லின் வாசனை அடித்தது. வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

அக்கா வழக்கம்போல இரண்டு விரலை அதன் மேல் ஓட்டினாள். பிறகு கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒரே ஆளு முடியா மேடம் இது? துண்டு துண்டா கீதே. வளர வளர வெட்டிக்கினே இருந்தாங்களா?"

மேடம் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முதலில் டீ கேட்டார்.

பிறகு வேலையைச் சொன்னார். இந்தப் பழைய பின்னலை நடுவில் வைத்து, சுற்றிலும் புது முடியால் பெரிய கொண்டை முடைய வேண்டும். இரண்டே இரண்டு நிபந்தனை.

"சாமிக்குக் கொடுத்த முடி மட்டும். அதுக்குத்தான் திருப்பதி வந்தேன். கொடுத்த முடிய யாரும் திரும்பக் கேக்க மாட்டாங்க. அப்புறம், இத யாரும் தலையில வைக்கக் கூடாது. மரத் தலையில மட்டும்."

"யாரு மேடம் அந்த ராணி?" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

அவர் சொன்னதைக் கோர்த்துச் சொல்கிறேன். அவர்கள் நாட்டில் கொரியோ ராஜாக்கள் ஆண்ட காலம். சின்ன உத்தியோகத்தில் இருந்த ஒருவருடைய மகள். கூந்தல் அழகைக் கேள்விப்பட்டு அரண்மனைக்கு எடுத்துக்கொண்டார்கள். பட்டத்து ராணி வேறு ஒருத்தி. இவள் அடுத்த வரிசை. தனி வீடு, தனிச் சமையல், சேடிகள், எல்லாம் உண்டு. வாசலைத் தாண்டும் உரிமை மட்டும் இல்லை. விசேஷ நாட்களில் சொந்த முடியோடு அடுத்தவர் முடியையும் சேர்த்துப் பெரிய கொண்டை போட்டு, தங்க ஊசிகள் செருகி, ஒரு முழங்காலை நிறுத்தி உட்காரவைப்பார்கள். தலையை அசைக்கக் கூடாது. அசைத்தால் பட்டத்து ராணியும் அவள் ஆட்களும் சிரிப்பார்கள். நாள் முழுக்க அப்படி இருந்து, கடைசியில் ராஜாவே வந்து ஊசிகளை எடுத்துக் கொண்டையை இறக்கி வைப்பாராம். அந்த அரண்மனையில் அவளுக்குக் கிடைத்த அன்பு அது ஒன்றுதான்.

ராஜா செத்துப்போனார். பிள்ளை இல்லாத ராணிகள் மொட்டை அடித்துக்கொண்டு மலைமேல் இருக்கும் புத்த மடத்துக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். இவள் மாட்டேன் என்று தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டாளாம். கத்தியோடு வந்தவர்கள் கையைப் பிரிக்க முடியாமல் நின்றார்கள். கடைசியில் ஒரு பெரிய அதிகாரி வந்து நயமாகச் சொன்னார். இப்போது கொடுத்துவிடு. வளர்ந்துவிடும். வளர்ந்ததும் அரண்மனைக்குத் திரும்ப அழைத்துக்கொள்கிறோம்.

அவள் நம்பித் தூணை விட்டாள்.

வளர்ந்தது. வந்தார்கள். அழைத்துப்போக இல்லை, வெட்டிக்கொண்டு போக. புது ராணிகளின் கொண்டைக்கு அந்த முடிதான் வேண்டுமாம். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தையைச் சொல்லி வெட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் நம்பினாள். மடத்தில் அவள் வேறு எதுவும் பேசியதில்லை. விடிந்தால், பொழுது சாய்ந்தால், மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருப்பவர்களை ஒன்றே ஒன்று கேட்பாள்.

"வளர்ந்துவிட்டதா?"

சாகும்வரை அதையே கேட்டாளாம்.

"அவ முடி வச்ச புது ராணி, பெரியவங்க உள்ள வந்தாங்கன்னு மரியாதைக்கு எழுந்தா," என்றார் மேடம். தன் கழுத்தில் விரலை வைத்துக் காட்டினார். "உடஞ்சுது."

ஓனர் உச்சுக் கொட்டினார். "எக்சிபிஷனுக்கு மஞ்சி ஸ்டோரி மேடம், நல்ல கதை," என்றார்.

அப்போதுதான் பிரியங்கா காலேஜ் முடிந்து உள்ளே வந்தாள். புத்தூரில் டிகிரி இரண்டாம் வருஷம். வாயைத் திறந்தால் மூடாது. "மாமா, பப்ஸ் வாங்கிக் குடேன், பசில கண்ணு தெரியல," என்பதுதான் அவள் என்னைப் பார்த்ததும் சொல்லும் வணக்கம். முழங்காலைத் தொடும் கூந்தல். எங்கள் வம்சத்துக்கே சேர்த்து அவள் ஒருத்திக்கு வளர்ந்துவிட்டது என்று கேலி செய்வேன். சின்ன வயதில் டெங்கு வந்து பிழைத்தபோது, அந்த முடியைப் பெருமாளுக்குத் தருகிறேன் என்று அக்கா வேண்டிக்கொண்டாள். வளர்ந்த அழகைப் பார்த்த பிறகு அவளுக்கு மனசு வரவில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே இருந்தாள்.

மேடம் அந்தக் கூந்தலை வெகுநேரம் பார்த்தார்.

"அழகு. ரொம்ப அழகு." பிறகு பெட்டியை மூடினார். "நீ இங்க வர வேண்டாம், கண்ணு."

பிரியங்கா அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

மேடம் ஊருக்குக் கிளம்பினார். அக்கா முடைய ஆரம்பித்தாள். மற்ற பெண்கள் வேலையில் உட்கார்ந்தால் ஒரே அரட்டையாக இருக்கும். இந்தக் கொண்டை இருந்த மூலையில் மட்டும் சத்தம் குறைந்தது. கொண்டை வளர வளர, நேராக நின்ற மரத் தலை முன்பக்கம் சாய்ந்தது. ஸ்குரு லூஸ் என்று நினைத்துத் திருகிப் பார்த்தேன்.

ஸ்குரு இறுக்கமாகத்தான் இருந்தது.

முடிந்த அன்று அக்கா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. முன் வகிட்டுப் பக்கம் இழை இழையாக மின்னியது. பேக் செய்து, ஏர்போர்ட்டுக்கு அனுப்பி, நான் கையைக் கழுவினேன். தொலைந்தது சனியன் என்றுகூடச் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குப் பிரியங்கா மில்லுக்கு வந்தாள். வெயிலில் நடந்து வருவதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். இடுப்பு மட்டும் அசைகிறது, தலை அசையவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறவள் மாதிரி வந்தாள்.

"இன்னாடி, பேஷன் ஷோவா?" என்றேன்.

"கழுத்து நோவுது மாமா."

"எந்நேரமும் போனையே பாத்துக்கினு இருந்தா நோவாம இன்னா பண்ணும்?" என்றாள் அக்கா, சோற்றைப் பிசைந்துகொண்டே.

பிரியங்கா சிரிக்கவில்லை. வாசற்படியில் நுழையும்போது நன்றாகக் குனிந்தாள். அந்த வாசலில் நெல் மூட்டை ஏற்றிய வண்டியே நுழையும். நிமிர்ந்து நடந்தால் எதுவும் இடிக்காது.

பப்ஸ் வாங்கி வைத்திருந்தேன். தொடவில்லை. உட்காரும்போது கூடத் தலையைச் சரித்துவிடாமல் மெதுவாக உட்கார்ந்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"மாமா, இத்த எறக்கி வையேன்," என்றாள் சின்னக் குரலில்.

"எத்த?"

"தெரியல. தலைமேல கீது."

பைத்தியம் என்று சொல்லி, செல்லமாகத் தலையில் ஒரு தட்டு தட்டக் கையை ஓங்கினேன்.

என் கை அவள் தலையைத் தொடவில்லை.

ஒரு சாண் உயரத்திலேயே நின்றுவிட்டது.

உள்ளங்கைக்கு அடியில் முடி. சுருட்டிச் சுருட்டி ஏற்றிய பின்னல்கள். குளிர்ச்சியாக, ஈரமாக. நடுவில் ஒன்று மட்டும் மணிக்கட்டுப் பருமனில் இருந்தது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பட்டப்பகல். ஜன்னல் வழியே வெயில் அவள் உச்சந்தலையில் நேராக விழுந்துகொண்டிருந்தது.

கையை இழுத்துக்கொண்டேன். விரலை முகர்ந்து பார்த்தேன்.

ஈரக் கல் வாசனை.

எனக்குப் பேய் பிசாசு என்றால் வாய் நிறையச் சிரிப்பு வரும். அன்றைக்கு வரவில்லை. அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் இருவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு கட்டுப்போடும் வைத்தியர் சின்னசாமியிடம் போனேன். எலும்பு முறிந்தால் எங்கெங்கிருந்தோ புத்தூருக்குத்தான் வருவார்கள். அதே ஊரில் இருக்கிற நாங்கள் வேறு எங்கே போவோம்.

அவர் பிரியங்காவின் பின்னால் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தெலும்பை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். விரல் மேலே போனது. பின் மண்டையைத் தாண்டி இன்னும் கொஞ்சம் மேலே போனது. கண்ணைத் திறந்தார்.

மெதுவாகக் கையை எடுத்துத் தண்ணீரில் கழுவினார்.

"எலும்பு நல்லாத்தான் கீது," என்றார் என்னிடம் மட்டும், தணிந்த குரலில். "வெயிட்டு தாங்கல. சீக்கிரம் எறக்கிடுங்க. உக்காந்த இடத்துல இருந்து படக்குன்னு எழுந்திரிக்க மட்டும் வுடாதீங்க."

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேனும் எடுத்தோம். ஒன்றும் இல்லை என்றார்கள். திரும்பி வரும் வழியில் பிரியங்கா பின் சீட்டில் இரண்டு கையாலும் தலையைத் தாங்கிக்கொண்டு கிடந்தாள். முன் சீட்டில் அக்கா திடீரென்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"இன்னாக்கா?"

"நான்தான்டா பண்ணேன். மலை முடி மொரடா கீது, வகிட்டுக்கு சரியா வரல. வூட்ல இவ வாரின முடிய கவர்ல போட்டு வச்சிருந்தேன், பாத்திரக்காரனுக்குப் போடலாம்னு. அத்த எடுத்தாந்து வச்சி முடைஞ்சிட்டேன். எம்பொண்ணு முடி ஒரு ராணி தலையில கீதுன்னு நாலு பேருக்கு சொல்லிக்கலாம்னு..."

எங்கள் பக்கம் பெண்கள் தலை வாரி உதிர்ந்த முடியைச் சுருட்டி, அதன்மேல் துப்பிவிட்டுத்தான் எறிவார்கள். அது யார் கைக்கும் போய்விடக் கூடாது. பாத்திரத்துக்கு முடி வாங்குகிறவன் வந்த பிறகு துப்பும் வழக்கம் போய்ச் சேர்த்து வைக்கும் வழக்கம் வந்தது. ஆனால் உயிரோடு இருப்பவளுடைய முடியை, அதுவும் பெற்றவளே...

எனக்குக் கோபம் வந்தது. அவள் அழுகையைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. மகள் அழகில் தாய்க்குப் பெருமை இருக்காதா?

வண்டியை ஓரம் கட்டி மேடத்துக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஓனரை விட்டு மெயில் போடச் சொன்னேன். பதில் இல்லை.

பிரியங்கா சாப்பிடுவதை நிறுத்தினாள். படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கினாள். தாடை மெல்ல மெல்ல நெஞ்சை நோக்கி இறங்கிக்கொண்டே வந்தது. மூச்சு விடும்போது கழுத்தில் ஏதோ நெறிபடும் சத்தம் கேட்டது. அவளைத் தாங்கிப் பிடித்துக் கஞ்சி ஊட்டும்போதெல்லாம் அதே வார்த்தை.

"எறக்கி வையேன் மாமா."

"பெருமாள்தான்டா கேக்குறாரு," என்றாள் அக்கா ஒரு நாள் காலையில். கண்ணீர் வற்றிப்போயிருந்தது. "அவருக்குக் குடுக்கிறேன்னு சொன்னத வேற எங்கயோ குடுத்துட்டேன். மலைக்குக் கூட்டிக்கினு போயி எறக்கிடலாம். முடியே இல்லன்னா எது மேல உக்காரும் அது?"

சரியாகத்தான் பட்டது. எந்தக் கஷ்டத்துக்கும் எங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதானே.

மலைப்பாதையில் வேன் ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் பிரியங்காவின் தலை ஒரு பக்கம் இழுத்தது. அக்கா ஒரு கையும் அவள் ஒரு கையுமாகப் பிடித்துக்கொண்டார்கள். பஸ்களிலிருந்து கோவிந்தா கோவிந்தா என்று குரல் வந்துகொண்டே இருந்தது. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

முடி இறக்கும் மண்டபத்தில் ஈரத் தரை, சந்தனம், பிளேடு, குழந்தைகளின் அழுகை. பிரியங்காவின் முதல் மொட்டை என் மடியில்தான் நடந்தது. மாமன் மடி எங்கள் முறை. அன்றைக்கும் வீறிட்டு அழுதாள். இப்போதும் அவள் பின்னால் உட்கார்ந்து, பிடரியைக் கையில் தாங்கிக்கொண்டேன். ஒரு மூட்டையின் பாரம் என் மணிக்கட்டில் இறங்கியது.

பிளேடு பிடித்திருந்த பெண் அவள் தலையில் தண்ணீர் தெளித்துக் கை வைத்தவள், "ஏன்ட்டிம்மா இந்த பருவு?" என்றாள். ஏன் இவ்வளவு பாரம் என்று கேட்டாள்.

பிளேடு கிட்டே வந்தது.

கை தூக்க முடியாமல் கிடந்த பிள்ளை, பாய்ந்து போய்ப் பக்கத்துத் தூணைக் கட்டிக்கொண்டது.

இரண்டு கையாலும். நகம் கல்லில் பதியும்படி. நானும் அக்காவும் சேர்ந்து இழுத்தோம். விரலைக்கூடப் பிரிக்க முடியவில்லை. அவள் வாயிலிருந்து ஏதோ வந்தது. தமிழ் இல்லை, தெலுங்கும் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சாமி வந்துவிட்டது என்று கைகூப்பினார்கள்.

அக்கா அவள் கன்னத்தைத் தடவினாள். மொட்டைக்கு அழுகிற குழந்தையிடம் எந்தத் தாயும் சொல்வதைத்தான் சொன்னாள்.

"இப்ப குட்த்துடு கண்ணு. வளந்துடும். கொஞ்ச நாள்ல வளந்துடும்."

உடனே கை தளர்ந்தது.

தூணை விட்டுவிட்டு வந்து, தலையைக் குனிந்து, சாதுவாக உட்கார்ந்தாள். இந்த வார்த்தையை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று எனக்கு நெஞ்சில் ஏதோ தட்டியது. எங்கே என்று பிடிபடவில்லை.

முடி இறங்க இறங்க என் கையில் இருந்த பாரமும் இறங்கியது. கடைசி இழை விழுந்ததும் அவள் கழுத்து நிமிர்ந்தது. நேராக, அழகாக நிமிர்ந்தது. அக்கா தரையில் விழுந்து கும்பிட்டாள். நானும் அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிவிட்டு, உள்ளங்கையை அங்கேயே வைத்துப் பார்த்தேன். வெறும் தலைதான். சூடாக, மொழுமொழுவென்று இருந்தது. எங்கள் பிள்ளை பிழைத்துக்கொண்டது.

தரிசனம் முடிந்து இறங்கும்போது, வேனில் இருந்த கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தேன்.

அவள் சீட்டின் மேல் ஏறி, ஒரு முழங்காலை நிறுத்தி, அதன்மேல் கையை வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"பிரியங்கா, பப்ஸ் வாங்கவா?"

எத்தனை வளைவு வந்தும் அந்தத் தலை அசையவில்லை.

வளர்ந்துவிடும் என்ற வார்த்தையை மேடம் சொன்ன ராணிக் கதையில் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் கால் தானாக பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான். திரும்பிப் போய் அந்த முடியைக் கேட்கலாமா? கொடுத்த முடியை யாரும் திரும்பக் கேட்பதில்லை. மலை மலையாகக் குவிந்து கிடக்கும் முடியில் எது எங்கள் பிள்ளையுடையது என்று யார் சொல்வார்கள்?

அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு நிம்மதியாக அவள் தூங்கியது அன்றுதான்.

ஆடி முடிந்து ஐப்பசியும் வந்துவிட்டது. எங்களோடு அன்றைக்கு மொட்டை போட்டவர்களெல்லாம் இந்நேரம் தலை வாருவார்கள். பிரியங்காவின் தலையில் ஒரு முடிகூட முளைக்கவில்லை. அக்கா காலையில் ஒரு எண்ணெய், மாலையில் ஒரு எண்ணெய் தேய்க்கிறாள். டாக்டர் எழுதிக் கொடுத்ததும் தீர்ந்துபோனது. அவள் காலேஜுக்குப் போவதில்லை. கறி தொடுவதில்லை. ஜன்னலைப் பார்த்தபடி, ஒரு முழங்காலை நிறுத்தி உட்கார்ந்திருக்கிறாள். எங்களிடம் மரியாதையாக இருக்கிறாள். பெற்ற தாயை நீங்கள் என்கிறாள். விடிந்தால், பொழுது சாய்ந்தால், மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்கிறாள்.

"வளர்ந்துவிட்டதா?"

எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சுத்தமாகப் பேசுவதில்லை. அக்கா ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள். "வளந்துக்கினு கீதும்மா. இன்னும் கொஞ்ச நாள்." சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குள் போய் அழுகிறாள்.

நேற்று சாயங்காலம் மேடத்திடமிருந்து போன் வந்தது. நான் பிரியங்காவின் அறையில்தான் இருந்தேன்.

"சம்பத்? மன்னிக்கணும். மெயில் இப்பதான் பாத்தேன். கொண்டை இங்க வந்தப்போ பாரம். மரத் தலை சாய்ஞ்சுது. ஒரு நாள் தானா நிமிர்ந்து நின்னுது. லேசாயிடுச்சு. பஞ்சு மாதிரி."

"எந்த நாளு மேடம்?"

சொன்னார். நாங்கள் மலைக்குப் போன நாள்.

"அந்த ராணி போயிட்டான்னு நெனச்சேன். சந்தோஷப்பட்டேன். ஆனா இப்போ மறுபடியும் பாரம் ஏறுது, சம்பத். தினம் கொஞ்சம். மரத் தலை மறுபடியும் சாயுது. உள்ள யாரோ இருக்காங்க." குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க வேலை பாக்கிறவங்க, கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு பொண்ணு அழுதுன்னு சொல்றாங்க. என்ன பாஷைன்னு அவங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரியும். அதான் கூப்பிட்டேன். இருங்க, போனைக் கிட்ட வைக்கிறேன்."

ஏதோ உரசும் சத்தம். பிறகு கண்ணாடியின் மேல் போன் படும் சத்தம்.

முதலில் ஒன்றுமே இல்லை.

பிறகு, வெகு தூரத்திலிருந்து, பாரத்தில் நசுங்கிய ஒரு சின்னக் குரல். எங்கள் பிள்ளை பிறந்ததிலிருந்து நான் கேட்டுவந்த குரல்.

"மாமா... கழுத்து நோவுது. இத்த எறக்கி வையேன் மாமா."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் என் பக்கம் மெல்லத் திரும்பினாள். உள்ளங்கையால் மொட்டைத் தலையை ஒரு தடவை தடவிக்கொண்டாள்.

"வளர்ந்துவிட்டதா?" என்றாள்.